குடும்பங்களுக்கு மட்டும்

கேன்காரர் குடியிருந்தது மாடிப்படிக்கு அடியில். படி ஏறுகிற சரிவுக்குக் கீழே வீணாகக் கிடந்த இடத்தில் ஒரு சுவரை எழுப்பி, கதவைப் பொருத்தி, ரூம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கட்டில் கிடக்கிற பக்கம் கூரை தாழ்வு. பதறி எழுந்தால் நெற்றி இடிக்கும். பதறாமல் எழுந்து பழகிய மனிதர் அவர். ரூமை ஒட்டி, படியின் மறுபக்கத்தில், தண்ணீர் கேன்களை அடுக்க ஒரு சந்து. அந்தச் சந்துக்காகத்தான் அந்த ரூமே. கேன் அடுக்க இடமில்லாதவன் கேன் வியாபாரம் செய்ய முடியாது. இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, இன்னொரு தெருவில் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கவும் முடியாது.

தெருவில் நாலு கட்டடம். எல்லாம் மூன்று மாடி, எதிலும் லிஃப்ட் கிடையாது. கட்டின காலத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. வீடு வாங்கினவர்கள் எல்லாரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறினவர்கள். அப்போது வீட்டுக்கு வீடு பிள்ளைகள். கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினால் மேலேயிருந்து பந்து உருண்டு வந்து காலில் மாட்டும். "வழி விடுங்கடா, வானரங்களா" என்று கத்தாமல் ஒரு நாளும் ஏறியதில்லை. அந்த வானரங்கள் படித்தன, வேலை கிடைத்தது, போய்விட்டன. எங்கே போனார்கள் என்று கேட்டால், பெற்றவர்கள் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். அது அவர்களுக்கே வாயில் நுழையாது.

மிஞ்சியது பெரிசுகள். கால் வலி வந்ததும் கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இறங்கி வந்தார்கள். மேல் வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்கு வந்தது முழுக்க வேலை தேடி வந்த பையன்கள். ஒரு வீட்டுக்கு ஆறு பேர், ஷிப்டு மாற்றி ஷிப்டு தூங்குவார்கள், கட்டில் சூடு ஆறுவதே இல்லை. நரைத்த தலை கீழே, கறுத்த தலை மேலே. ரெண்டுங்கெட்டான் வயசில் ஒரு ஆள் வேண்டுமென்றால் கேன்காரரைத்தான் பிடிக்க வேண்டும். மூலைக்கடைக்காரர் கூட பிள்ளைகளின் பால் டப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரியவர்கள் கட்டுகிற டயப்பரை அடுக்கிவிட்டார்.

கேன்காரருக்கு இரண்டு பேரும் வேண்டும். கீழ்வீட்டுப் பெரிசுகள் ஒரு கேனை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். ஆனால் அவர்களால் கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடியாது. அடுப்படி வரைக்கும் போய், ஈரத்தைத் துடைத்து, மூடியின் ஸ்டிக்கரைக் கிழித்து, தண்ணீர் சிந்தாமல் கவிழ்த்து வைத்துவிட்டு வரவேண்டும். மேல்மாடிப் பையன்கள் அப்படி இல்லை. காலையில் வைத்த கேன் சாயங்காலம் காலியாக வாசலில் உருண்டுகொண்டிருக்கும். சோறு வருவது அவர்களால்தான். மரியாதை வருவது பெரிசுகளால்.

அவருடைய சம்சாரம் இந்த ரூமில் இல்லை. வேறொரு நகரத்தில், மகள் வீட்டில் இருந்தாள். மகளுக்குப் பிரசவம் என்று ஒரு பையோடு கிளம்பிப் போனவள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையை யார் பார்ப்பது? கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் இரண்டாவதும் பிறந்துவிட்டது. அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அவள் சொல்வதையும் விட்டுவிட்டாள். தினமும் போன் மட்டும் வரும்.

வினை ஒரு மத்தியானத்தில் வந்தது. மூன்றாம் மாடிப் பையன் ஒருத்தன், ராத்திரி ஷிப்டு முடிந்து, அதற்கு மேலும் இழுத்துப் பிடித்து வேலை வாங்கிக்கொண்டு அனுப்பியதில், நின்றுகொண்டே தூங்குகிற நிலைமையில் படியேறினான். எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே நிறம். ஒரு மாடியைக் குறைத்து ஏறிவிட்டான். இரண்டாம் மாடிக் கதவில் தன் சாவியைச் செருகி, திறக்கவில்லை என்றதும் தோளால் இடித்தான். உள்ளே பொருளாளர் அக்காவின் மருமகள், கைக்குழந்தையோடு தனியாக. அவள் போட்ட சத்தத்தில் கேன்காரர் தூக்கிய கேனைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினார். பையன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். உள்ளே அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

பொருளாளர் அக்கா என்பது குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். தெருவிலேயே மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று முழுசாக இருந்த வீடு அவருடையது ஒன்றுதான். கேன்காரர் இருந்த படிக்கட்டு ரூமும் அவருடையதுதான். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போட்டார்கள், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில்.

செயலாளருக்குத் தெருவில் பெயர் மைக்கு. பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசவும் அவருக்கு மைக் வேண்டும். "வர்ற முதல் தேதியிலேர்ந்து," என்று மைக்கு படித்தார், "குடும்பங்களுக்கு மட்டும்தான் வீடு, ரூம், எதுவானாலும். தனி ஆம்பளைங்க யாரும் இருக்கக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டி வீடு வீடா வந்து பார்க்கும்."

பெரிசுகள் எல்லாம் கை தூக்கினார்கள். கேன்காரரும் தூக்கினார். தூக்கின கை இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது, தனி ஆம்பளை என்று சொன்னதில் தானும் அடக்கம் என்று.

கூட்டம் கலையும்போது பொருளாளர் அக்கா அவரைப் பிடித்தார்.

"தம்பி, உங்க வீட்டம்மா எப்போ வர்றாங்க? பிரசவத்துக்குத்தானே போனாங்க? அந்தப் பிள்ளைக்கு இப்போ பல்லு விழுற வயசே வந்திருக்குமே?"

"வந்துட்டாக்கா," என்றார் கேன்காரர். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நேத்தே வந்துட்டா."

"அப்படியா? கண்ணுலயே படலையே?"

"சளி. படுத்திருக்கா."

"பாவம். வந்து பார்க்கட்டுமா?"

"ஐயோ வேணாம்க்கா, ஒட்டிக்கும். வீட்டுல குழந்தை இருக்கு."

ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சம்சாரத்துக்குப் போன் போட்டார்.

"ஒரு விஷயம். நீ நேத்து வந்துட்ட."

"எங்கே?"

"இங்கேதான். சளி பிடிச்சு படுத்திருக்க."

அந்தப் பக்கம் அவள் குழந்தையை அதட்டுவது கேட்டது. அப்புறம் அவள் சொன்னாள். "ஏங்க, நான் வந்ததை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நடந்ததை எல்லாம் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வந்து நின்னுட்டுப் போ. தலையைக் காட்டினா போதும்."

"சின்னதுக்குக் காய்ச்சல் அடிக்குது. பெரியவளுக்கு ஸ்கூலு. மக லீவு கேட்டா வேலைய விட்டே தூக்கிடுவாங்களாம். நான் யார்கிட்ட விட்டுட்டு வர?"

"அப்போ என் ரூமு?"

"உங்க ரூமு!" என்றாள். "எனக்கு இங்கே ரூம் இருக்குதா? ஹாலுல, சோபாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல படுக்கிறேன். என்னை யாரு வந்து பார்க்கிறாங்க?"

போன் வைத்தாயிற்று.

படிக்கட்டுக்கு அடியில் இருப்பவனுக்குத் தலைக்கு மேல்தான் ஊர் நடக்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். பையன்கள் தடதடவென்று இறங்குவார்கள். பெரிசுகள் ஒரு காலை வைத்து, மறு காலையும் அதே படியில் வைத்து, மூச்சு வாங்கி அடுத்ததற்குப் போவார்கள். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினார். இப்போது ஒவ்வொரு சத்தமும் தன் கதவுக்கு வருகிற மாதிரியே கேட்டது. பொருளாளர் அக்காவின் செருப்பு கடைசிப் படியில் வந்து நின்றால் இவருடைய மூச்சும் நிற்கும். அது தாண்டிப் போனதும் பதறி எழுவார். நெற்றி இடிக்கும். இரண்டு நாளில் நெற்றியில் ஒரு புடைப்பு.

பொம்பளை இருக்கிற வீடு என்று வெளியே எப்படித் தெரியும் என்று யோசித்து யோசித்து, மொட்டைமாடியில் வந்து நின்றார். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை மொட்டைமாடிக் கொடிதான் சொல்லும். சம்சாரம் விட்டுப்போன நீல நைட்டி ஒன்று பெட்டிக்குள் இருந்தது. விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு ஏறினார். தொட்டிக் குழாயில் நனைத்து, பிழிந்து, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினார். எல்லாரும் எழுந்து வரும்போது நீல நைட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த விடியலிலும் அதையே நனைத்துப் போட்டார். பிறகு பயம் வந்துவிட்டது. தினமும் ஒரே நைட்டியா போடுவாள் ஒருத்தி? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார்.

கேன் போடப் போனபோது மூன்றாம் மாடிப் பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தன்தான் அவர்களுக்குத் தலைவன் மாதிரி. அவனைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள்.

"கேன் வேணாம்ணே. சனிக்கிழமை கிளம்புறோம்."

"எங்கேடா போறீங்க?"

"அடுத்த ஏரியா. அங்கேயும் 'குடும்பங்களுக்கு மட்டும்'னு போர்டு வைக்கிற வரைக்கும் இருப்போம்." மெத்தையைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்து கயிறு இறுக்கினான். "அண்ணி வந்துட்டாங்களாமே? மாடியில பார்த்தோம்."

"எதைப் பார்த்த?"

"நைட்டியத்தான்." மற்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, இங்கே ஆறு பேரு ஒரே சட்டியில சாப்பிடுறோம், ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தன் லீவு போடுறான். நீங்க ஒண்டியாளு. நெசமா பார்த்தா குடும்பம் நாங்கதான். ஆனா போறதும் நாங்கதான்."

கூட்டத்தில் தூக்கின கை அப்போது கேன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வைத்த கேனைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். நிறைந்த கேனை மேலேயிருந்து கீழே கொண்டுவந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை விடியலில், வெளிச்சம் சரியாக வருமுன்னே, நீல நைட்டியோடு ஏறினார். மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. கொடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் நைட்டி. பூப்போட்டது. கேன்காரர் ஒரு நிமிஷம் தன் நெற்றி வீக்கம்தான் இப்படியெல்லாம் காட்டுகிறது என்று நினைத்தார். ஆள் திரும்பினார். மைக்கு.

இரண்டு பேரும் ஆளுக்கொரு நைட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"காத்துல பறந்து விழுந்திடுச்சு," என்றார் மைக்கு. மைக் இல்லாத குரல், ரொம்பச் சின்னது. "எடுத்துப் போட வந்தேன்."

காற்றே இல்லை. அந்த நைட்டி நனையவும் இல்லை. கடையில் மடித்த மடிப்பு கட்டம் கட்டமாக அப்படியே நின்றது. கழுத்துப் பக்கம் அட்டை ஒன்று நூலில் தொங்கியது.

"நனைக்கணும் சார்," என்றார் கேன்காரர். "இல்லன்னா தெரிஞ்சிடும். அட்டையையும் பிச்சிடுங்க."

மைக்கு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "மகன் வீட்டுக்குப் போனவ. பார்த்துட்டு வந்துடுறேன்னு போனா. இப்போ விசாவை நீட்டிக்கிட்டே இருக்காங்க. அங்கே தூசி இல்லையாம், சத்தம் இல்லையாம். நானும் இல்ல. அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறா."

"பின்னே எதுக்கு சார் அந்த ரூலைப் படிச்சீங்க?"

"நான் எழுதலப்பா! அந்தம்மா எழுதிக் கொடுத்தாங்க. வேணாம்னு சொன்னா, ஏன் வேணாம்கிறீங்க, உங்க வீட்டுல யார் இருக்கான்னு கேட்பாங்கல்ல? இந்த வருஷம் பூரா அவ உள்ளே டிவி பார்க்கிறான்னே சொல்லிட்டிருக்கேன்."

"சொந்த வீடு சார் உங்களுக்கு. உங்களை யாரு வெளியே போகச் சொல்லுவா?"

"வெளியே போகச் சொல்ல மாட்டாங்க," என்றார் மைக்கு. "சிரிப்பாங்க."

கேன்காரர் பூப்போட்ட நைட்டியை வாங்கிக் குழாயில் நனைத்தார். அட்டையைப் பிய்த்தார். இரண்டு நைட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கிளிப் மாட்டினார். முதலில் மைக்கு இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து இவர் இறங்கினார், தப்புத்தண்டா செய்துவிட்டுப் பிரிகிறவர்கள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மேலேயிருந்து ஆரம்பித்தது. கேன்காரர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொருளாளர் அக்காவின் செருப்பு, அதற்குப் பின்னால் மைக்குவின் ஷூ. காலி வீட்டில் அவர்கள் நடப்பது கூட எதிரொலித்தது. இரண்டாம் மாடி. முதல் மாடி. செயலாளர் வீட்டுக் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. எந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று அவர் வரிசையாக ஒத்திகை பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா என்றால் எந்த ஆஸ்பத்திரி என்பார்கள். கடைக்குப் போயிருக்கா என்றால் காத்திருப்பார்கள். குளிக்கிறா என்று சொல்லிவிடலாம். அதுதான் சரி. குளிக்கிற பொம்பளையை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கதவைத் தட்டினார்கள். திறந்தார்.

"அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க தம்பி. பார்த்துட்டுப் போயிடுறோம்."

"குளிக்..." என்று ஆரம்பித்தார். ரூமுக்குள் குளியலறை கிடையாது. அது வெளியே, சந்தின் கோடியில், அக்காவுக்கு நேர் எதிரே, கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வாளி மட்டும் உட்கார்ந்திருந்தது.

அக்காவின் பார்வை அவர் தோளைத் தாண்டி ரூமுக்குள் போனது. ஒரு தலையணை. ஒரு தட்டு. ஆணியில் இரண்டு சட்டை.

"இல்லக்கா," என்றார். "வரல. வர முடியாது அவளால. ரெண்டு பிள்ளைங்களை அவதான் பார்க்கிறா. நான் தனியாத்தான் இருக்கேன்."

"அப்போ மாடியில காயுற நைட்டி?"

"நான் போட்டது."

அக்காவின் முகம் சிவந்தது. "என்கிட்டயே பொய்யா? என் ரூமுல உட்கார்ந்துகிட்டா? சரி, அது நீலம். பக்கத்துல பூப்போட்டது ஒண்ணு தொங்குதே, அது யாருது? இந்தக் கட்டடத்துல அந்த மாதிரி யாருகிட்டயும் கிடையாது. எனக்குத் தெரியும்."

மைக்கு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னாலிருந்து வேர்வை கோடு போட்டு இறங்கியது. கேன்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரூல் அங்கேயே உடைந்துவிடும், ரூம் தப்பிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மைக்கு நிமிர்ந்து பார்த்தார். கேனைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிற பெரிசுகளின் பார்வை அது.

"அதுவும் என்னுதுதான்க்கா," என்றார் கேன்காரர். "ஒண்ணையே தினம் போட்டா சந்தேகம் வரும்னு புதுசா ஒண்ணு வாங்கினேன்."

"கர்மம்," என்றார் அக்கா. அவருக்குச் சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. "ரூமைக் காலி பண்ணிடுங்க தம்பி."

அப்போது மைக்கு வாயைத் திறந்தார். "இல்லம்மா... ரூலுல ஒரு சிக்கல் இருக்கு. சம்சாரம் இருந்து, வெளியூருல இருந்தா அது குடும்பமா, தனி ஆளான்னு நாம எழுதல. இதை... அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசிக்கலாமே?"

"இதுல பேச என்ன சார் இருக்கு?"

"பேசாம முடிவு பண்ணா நல்லா இருக்காதும்மா."

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ இடித்தது, என்னவென்று பிடிபடவில்லை. மேலே அவருடைய பேரப்பிள்ளை அழ ஆரம்பித்தது. "அடுத்த கூட்டம் வரைக்கும்," என்றார். "அதுக்குள்ளே உங்க வீட்டம்மா வந்து இந்தப் படியில என் கண் முன்னாடி நிக்கணும். நைட்டி நின்னா பத்தாது."

அவர் ஏறிப் போனார். மைக்கு பின்னாலேயே போனார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. நாலு படி ஏறி நின்று, திரும்பாமல், "பூப்போட்டதை நீயே வச்சுக்கப்பா," என்றார்.

சாயங்காலம் சம்சாரத்தின் போன் வந்தது. எடுத்ததும் கேட்டாள். "ரூமு இருக்கா, போச்சா?"

"அடுத்த கூட்டம் வரைக்கும் இருக்கு."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் இன்னொரு கூட்டம் வரும்."

எல்லாவற்றையும் சொன்னார். பையன்கள் போனதைச் சொன்னார். அவர்கள் இல்லாமல் இனி ஓட்டுவது கஷ்டம் என்றார். கை தூக்கினதையும் சொன்னார். பூப்போட்ட நைட்டியையும் சொன்னார்.

"புது நைட்டியா?" என்றாள்.

"ஆமா. முந்தாநேத்து நனைச்சதுதான். போடல யாரும்."

"சைஸ் என்ன?"

அவருக்குத் தெரியவில்லை. "இரு, பார்த்துச் சொல்றேன்," என்று போனைக் காதில் வைத்தபடியே படியேறினார். முட்டி முதல் மாடியிலேயே கத்த ஆரம்பித்தது. மூன்றாம் மாடியில் திறந்து கிடந்த காலி வீட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கம் குழந்தை அலறியது. "வச்சிடுறேங்க, தொட்டில்ல எழுந்து நிக்கிறான், விழுந்துடுவான்," என்றாள். லைன் போய்விட்டது.

அவர் நிற்காமல் ஏறினார். கொடியில் இரண்டும் காய்ந்து விறைத்திருந்தன. பூப்போட்டதின் கழுத்தைப் புரட்டி, உள்ளே தைத்திருந்த துண்டுத் துணியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். மீடியம் என்று போட்டிருந்தது. போகும்போது அவள் ஒல்லியாகத்தான் இருந்தாள். இரண்டு பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இப்போது இளைத்திருக்கிறாளா, உட்கார்ந்து ஊட்டி ஊட்டிப் பெருத்திருக்கிறாளா, அவர் எப்படிச் சொல்வார்? போனைத் திரும்ப எடுத்து அவள் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.